தள்ளுனா போதும்னான் கடைக்காரன்

ஏங்கண்ணு, ஆர்.ஓ. மெஷினுக்கு அடியில வாளி வெச்சிருக்கறயே, அது மெஷினோடவே வந்ததா? மெக்கானிக்குக்கு எதுக்குத் தண்டமா காசுன்னு நீயே மாட்டுனயாமே. சபாஷ். மாட்டுன லட்சணந்தான் சமையக்கட்டுல குளமா நிக்குது.

கடைக்காரன் சொன்னது பொய்யில்ல. இந்த புஷ் பிட்டிங்குல டியூபைத் தள்ளுனா மாட்டிக்கும். மரையைச் சுத்தற வேலையில்ல, ஸ்பேனரும் வேண்டாம். வாய்க்கிட்ட இருக்கற வளையத்துல துருப்பிடிக்காத பல்லு இருக்குது. மாமியா வூட்டு விருந்தாட்டம், உள்ள போறதுக்கு வழிவிடும், கெளம்பறேன்னு இழுத்தா விடாது. ஆனா தண்ணியை அடைக்கறது அந்தப் பல்லு இல்ல சாமி. அதுக்குப் பின்னால கருப்பா ஒரு ஓ-ரிங் உக்காந்திருக்குது பாரு, அதுதான். பல்லு கவ்வுனதும் வேலை முடிஞ்சுதுன்னு நீ கையை எடுத்துப்போட்டே. இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தா ஓ-ரிங்கைத் தாண்டி அடியில போய் முட்டியிருக்கும். எவ்வளவு தூரம் போகோணும்னு டியூப் மேல பேனாவுல ஒரு கோடு போட்டுட்டுத் தள்ளிப் பழகு. தள்ளுனதுக்கப்புறம் ஒருக்கா இழுத்தும் பாரு.

டியூபை எதுல வெட்டுனே? பேசாம நிக்கறதைப் பாத்தாலே தெரியுது, அருவாமனை. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் எறங்கி, ஓரமெல்லாம் பிசிறு. அந்தப் பிசிறு ஓ-ரிங்கைக் கீறிரும். கழட்டிக் கழட்டி மாட்டுனதுல பல்லு பட்ட கீறல் வேற. அந்த முனையை நறுக்கி எறி.

அதை விடு, இந்த நீல டியூபு பட்டறை கம்ப்ரஸர் லைனுது தானே? அது 6 மி.மீ. மெஷின் பிட்டிங்கு கால் இஞ்சு, அதாவது 6.35 மி.மீ. 0.35-ல என்ன வந்துரப் போவுதுன்னு கேக்கறயா? ராத்திரிக்கு ஒரு வாளி வருதே, பத்தாதா? காத்துக்குப் போடற டியூபுல குடிதண்ணி புடிச்சுக் குடிக்கறதே தப்பு.

கழட்டறதுக்குக் குறடு எடுத்தயாம், உங்கம்மா சொன்னா. மொதல்ல தண்ணியை மூடு, உள்ள இருக்கற அழுத்தத்தை விடு. அப்புறம் வளையத்தைச் சுத்தியும் சமமா அமுக்கிக்கிட்டு இழுத்தா, டியூபு தானா வரும். பட்டறையில 6 பார், 7 பார் காத்து நிக்கறப்ப இந்தக் குறடு வித்தையைக் காட்டிராதே. டியூபு துள்ளி மூஞ்சியில அடிக்கும். உனக்கு இன்னும் பொண்ணு பாக்கோணும்.

அடுப்புக்கும் இதையே போட்டுரலாம்னு பேச்சாமே? அட்டையில கேஸுன்னு போட்டிருந்தா உங்கூட்டு சிலிண்டரா? நைட்ரஜன் மாதிரி எரியாத வாயுவுக்குத்தான் இந்த மாதிரி பிட்டிங்கு. சமையல் கேஸுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சுரக்ஷா ஹோஸ் இருக்குது. அதையுமே 5 வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்றாங்க. உங்கூட்டுது உங்கப்பன் போட்டதுதானே?

செரி, சட்டையைப் போடு. கால் இஞ்சு டியூபு ரெண்டு மீட்டரு, சின்னதா ஒரு டியூப் கட்டரு, புது ஓ-ரிங்கோட ஒரு பிட்டிங்கு வாங்கிட்டு வா. மீதிச் சில்லறையில எனக்கு வெத்தல.