ரசீது வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
வருடாவருடம் முந்திரிக்கொட்டை வாங்க வந்துபோகிறவன்,
பண்ருட்டி, கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு எல்லைச்சாவடித் தலைமை அதிகாரி அவர்கள்,
லாகோஸ் – அபிஜான் நெடுஞ்சாலையில் ஓரிடம்,
மேற்கு ஆப்பிரிக்கா.

பொருள்: சாவடியில் செலுத்திய தொகைகளுக்கு ரசீது வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலர் என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டிய எண். (நகல் இணைக்க இயலவில்லை. வியர்வையில் அழிந்துவிட்டது.)

ஐயா,

முகவரியில் ஊர்ப்பெயர் இல்லையே என்று தாங்கள் கோபிக்கக் கூடாது. லாகோஸில் தொடங்கி கொட்டோனு, லோமே, அக்ரா வழியாக அபிஜான் போய்ச் சேரும் சாலை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். நைஜீரியா, பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் என்று ஐந்து நாடு, நடுவில் நாலு எல்லை. அந்த நாலில் தங்களுடையது எது என்று எழுதப்போவதில்லை. பிப்ரவரியில் கொட்டை விழத் தொடங்கியதும் நான் மறுபடி அதே வழியாகத்தான் வந்தாக வேண்டும். பெயர் எழுதாததில் இன்னொரு சௌகரியமும் உண்டு: நாலு சாவடிக்காரர்களும் இதைப் படித்துவிட்டு, மற்ற மூன்று பேரை நினைத்துச் சிரிக்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு வாங்கினீர்கள் என்று புகார் சொல்ல வந்தவன் இல்லை நான். எங்கள் ஊரில் பருப்பு ஏற்றி மாநிலம் தாண்டிய லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளை எடுக்கும்வரை எங்களுக்கும் இதே பிழைப்புதான். இதற்கென்றே எங்களிடம் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: மாமூல். அரபியிலிருந்து வந்தது, ‘வழக்கமானது’ என்று பொருள். லஞ்சம் என்றால் வாங்குகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் கை கூசும். மாமூல் என்றால் யாருக்கும் கூசாது. தங்கள் பக்கம் இப்படி ஒரு சொல் அமையாதது பெருங்குறை. பிரெஞ்சு பேசும் சாவடிகளில் ‘கடோ’ என்கிறீர்கள், அதாவது அன்பளிப்பு. ஆங்கிலம் பேசும் சாவடிகளில் ‘ஹேப்பி வீக்கெண்ட் சார்’ என்று பல்லெல்லாம் தெரியச் சொல்கிறீர்கள். என்னிடம் சொன்ன அன்று செவ்வாய்க்கிழமை.

என் குறை வேறு. தங்கள் அலுவலகத்தில் வசூல் நடக்கிறது, நிர்வாகம் இல்லை.

தகரக் கூரைக்கடியில் ஆறு மேசை. முதல் மேசையில் ஒருவர் தடி நோட்டில் என் பெயர், அப்பா பெயர், தொழில், எங்கிருந்து, எங்கே என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினார். இரண்டாவது மேசையில் இன்னொரு தடி நோட்டு, அதே பெயர், அதே அப்பா. மூன்றாமவர் முந்தைய இருவரும் எழுதியது சரியா என்று பார்ப்பவர் போலும். என் பேனாவை வாங்கி டிக் அடித்தார், பேனா திரும்பி வரவில்லை. நாலாவது சுங்கம், ஐந்தாவது சுகாதாரம். ஆறாவதில் இருந்தவருக்குச் சீருடை கிடையாது, மஞ்சள் டி-ஷர்ட்தான். அவர் அதிகாரியா, அதிகாரியின் மச்சானா, நிழலாக இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்தவரா, இன்றுவரை தெரியவில்லை. அவருக்கும் கொடுத்தேன். வண்டியில் ஏறியதும் டிரைவர் சொன்னார், “பத்ரோன் (முதலாளி), அவருக்குத்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும்.”

அப்பா பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் குடும்பப்பெயர் வழக்கமில்லை. இனிஷியலோடு சரி. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவானேன் என்று அப்பா பெயரைப் போட்டு நிரப்பியிருக்கிறோம். தங்கள் முதல் மேசைக்காரர் அதை விரலால் தொட்டு, “இது யார்?” என்றார். “என் அப்பா.” “அப்படியானால் பயணம் செய்வது நீயா, அவரா?” இந்தச் சிக்கலைத் தீர்க்க 2,000 பிராங்க் ஆயிற்று. அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருடம். உயிரோடு இருந்தவரை மெட்ராஸைத் தாண்டாத மனுஷன், இப்போது என் செலவில் வெளிநாட்டு எல்லை கடக்கிறார்.

மஞ்சள் டி-ஷர்ட்காரர் என் செல்போனைத் திறக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டால், பாதுகாப்பு. பாதுகாப்பின் பொருட்டு அவர் என் தங்கை மகள் நிச்சயதார்த்தம் முழுவதையும் பார்த்தார். சாப்பாட்டுப் பந்தியைப் பெரிதாக்கிப் பார்த்தார். என் பையன் தோட்டத்துப் பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும் படம் வந்ததும் நிறுத்தி, “இது என்ன பிராணி?” என்றார். எங்கள் ஊருக்குப் புகழே அந்தப் பழத்தால்தான் என்று விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு நேரம் செலவழித்த மனிதருக்குக் கட்டணம் அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

சுங்க மேசைக்கு வருகிறேன். என் பையில் தொழில் சாமான் இரண்டு இருந்தன. ஒன்று, ஈரப்பத மீட்டர். மற்றது, கொட்டை வெட்டும் கத்தரி. பாக்குவெட்டிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். கொட்டையைப் பாதியாகப் பிளந்து, சொத்தை எவ்வளவு, சுருங்கியது எவ்வளவு என்று எடை போட்டு, 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்குப் பார்ப்போம். அவுட்டர்ன் என்போம். எங்கள் வியாபாரமே அந்த ஒற்றை எண்ணில்தான் நிற்கிறது. தங்கள் அலுவலர் கத்தரியைப் பார்த்ததும் “ஆயுதம்” என்றார். மீட்டரைப் பார்த்துவிட்டு அதைவிடக் கனமான ஒரு வார்த்தை சொன்னார். “வேலை செய்து காட்டு” என்று உத்தரவாயிற்று.

சாவடிக்குப் பின்னாலேயே முந்திரி மரம். ஒரு பையன் ஓடிப்போய் நாலு கொட்டை பொறுக்கி வந்தான். ஒன்றைக் கத்தரியில் வைத்து அழுத்தினேன், டக்கென்று இரண்டானது. உள்ளே பருப்பு பால்வெள்ளையாக, நல்ல திரட்சி. அவர் கையை நீட்டினார். “வேண்டாம் சார், ஓட்டில் எண்ணெய் இருக்கிறது, சுடும்” என்றேன். எங்கள் ஊரில் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசாமல் உட்கார மாட்டார்கள், அப்படியும் விரல் நுனி கறுத்துப்போகும். அதையெல்லாம் சொல்வதற்குள் அவருக்கு வேறு விதமாகப் பட்டுவிட்டது. இத்தனை வருட அனுபவத்தில், கொடுக்க மனமில்லாதவன் சொல்லும் சாக்கு எத்தனை கேட்டிருப்பார்! ஓட்டோடு வாயில் வைத்துப் பல்லால் நெம்பினார்.

மேலுதடு வீங்குவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. நாலாம் மேசையிலிருந்து ஐந்தாம் மேசைக்கு ஓடினார். சுகாதார மேசையில் பஞ்சு இல்லை, களிம்பு இல்லை, குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. முத்திரை இருந்தது, மை வைத்த பெட்டி இருந்தது. கடைசியில் என் பையிலிருந்த தேங்காய் எண்ணெய்தான் தடவப்பட்டது.

எண்ணெய்ப் புட்டியை மூடி வைக்கிறேன், சுகாதார அதிகாரி “உன் மஞ்சள் அட்டை எங்கே?” என்றார். கொடுத்தேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் 2011-ல் போட்டது. இந்த அட்டையின் அருமை எங்களுக்குத் தெரியாததல்ல. இது இல்லாமல் தங்கள் பக்கத்திலிருந்து இந்தியாவில் போய் இறங்கினால் ஆறு நாள் தனியே அடைத்து வைத்துவிடுவார்கள். அட்டையில் பத்து வருடம் என்று போட்டிருக்கிறதே, காலாவதி என்றார். 2016 ஜூலை 11 முதல் இந்த ஊசி ஆயுளுக்கும் செல்லும், பழைய அட்டைக்கும் அது பொருந்தும் என்று உலக சுகாதார நிறுவனம் விதியையே மாற்றிவிட்டது என்றேன். “அது உலகம். இது எங்கள் சாவடி” என்றார். ஊசி போட்டுக்கொள்கிறாயா, 5,000 பிராங்க் கட்டுகிறாயா? மேசையில் ஊசி எதுவும் இல்லை, 5,000 என்னிடம் இருந்தது.

இதில் மருத்துவ உலகம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஊசி போட்டால் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். தங்கள் மேசையில் நோட்டை வைத்த அந்தக் கணமே எனக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது.

சரி, என்னை விடுங்கள். வருடத்தில் ஒருமுறை வருகிறவன், கம்பெனிக் கணக்கில் ‘இதர செலவு’ என்று எழுதிவிட்டுப் போகிறவன். அன்று பாஸ்போர்ட் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியும் வராததால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாகனம் போகும் வழிக்குப் பக்கத்தில் ஆள் நடக்கும் சந்து. அங்கே குறுக்கே ஒரு கயிறு. ஒரு முனை கம்பத்தில், மறுமுனை ஒரு பையன் கையில். புகையில் வாட்டிய மீனைத் தலையில் சுமந்து, முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். கயிற்றுக்குப் பத்தடி முன்னாலேயே இடுப்பு முடிச்சிலிருந்து 200 பிராங்க் நாணயம் விரலிடுக்குக்கு வந்துவிட்டது. கை நீண்டது, கயிறு தாழ்ந்தது, அம்மா தாண்டினார். நடை நிற்கவே இல்லை. பின்னால் இன்னொருவர், தக்காளிக் கூடையோடு. அப்புறம் துணி மூட்டை. எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். சாயங்காலம் திரும்பும்போது இன்னொரு 200 என்றார் டிரைவர்.

1979 மே மாதம் டாக்காரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் எல்லாம் கூடி, எங்கள் மக்கள் விசா இல்லாமல் 90 நாள் வரை ஒருவர் நாட்டில் ஒருவர் போய் இருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கின்றன. மீன்கூடை அம்மாவின் வயதைப் பார்த்தால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் பிறந்திருப்பார். அவர் வாழ்நாள் முழுவதும் அமலில் இருக்கும் சட்டம் அது. கயிற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இத்தனைக்கும் கயிற்றின் இரண்டு பக்கமும் பேசுவது ஒரே மொழி, பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள். 1884-85 பெர்லின் மாநாட்டை ஒட்டி ஐரோப்பியர் ஆளுக்கொரு கோடு போட்டு, யோருபா மக்களைப் பெனினுக்கும் நைஜீரியாவுக்குமாகவும், ஏவே மக்களை டோகோவுக்கும் கானாவுக்குமாகவும் பிரித்துவிட்டுப் போனார்கள். கோடு போட்டவர்கள் போய்விட்டார்கள். கோட்டுக்கு வாடகை மட்டும் தாங்கள் வசூலித்து வருகிறீர்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான் என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016 ஜூலையில் கிகாலியில் ஆப்பிரிக்க ஒன்றிய பாஸ்போர்ட் என்று ஒன்றை வெளியிட்டு இரண்டு ஜனாதிபதிகள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அதே கிகாலியில் 2024-ல் அலிகோ டாங்கோட்டே, ஆப்பிரிக்காவின் முதல் பணக்காரர், நைஜீரிய பாஸ்போர்ட்டோடு சொந்தக் கண்டத்தைச் சுற்றத் தனக்கு 35 விசா வேண்டியிருக்கிறது என்று புலம்பினார். அவருக்கே அந்தக் கதி. ஆனால் அவர் விமானத்தில் போகிறவர், தங்கள் கயிறு அவரைப் பிடிக்காது.

ஆகவே ஐயா, தங்களிடம் பணிந்து கேட்டுக்கொள்வது: சாவடி வாசலில் ஒரு விலைப்பட்டியல் மாட்டிவிடுங்கள். அப்பா பெயர் இவ்வளவு, காலாவதியாகாத ஊசி காலாவதியானதற்கு இவ்வளவு, குடும்பப் படம் பார்க்க இவ்வளவு. ஹோட்டலில் இட்லி விலை எழுதிப் போடுவதில்லையா? உள்ளங்கையில் எழுதிக் காட்டும் சிரமம் மிச்சம். ஒரே மேசையில் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு தங்களுக்குள் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. சாம்பேசி ஆற்றங்கரையில் சிருண்டு என்ற இடத்தில், சாம்பியாவும் சிம்பாப்வேயும் 2009 முதல் இரண்டு நாட்டு வேலையையும் ஒரே கூரைக்கடியில் முடிக்கின்றன. அந்த முறை வந்தால் மஞ்சள் டி-ஷர்ட்காரருக்கு வேலை போய்விடுமே என்ற தங்கள் கவலை புரிகிறது. அவரைப் பலாப்பழத் துறைக்கு மாற்றலாம், ஆர்வம் இருக்கிறது.

ரசீது மட்டும் கட்டாயம் வேண்டும். எங்கள் ஆடிட்டர் ‘இதர செலவு’ என்பதை இந்த வருடம் ஏற்க மாட்டேன் என்கிறார். அந்த அம்மாவுக்கும் ஒரு ரசீதுப் புத்தகம் போட்டுவிடுங்கள். நாளைக்கு இரண்டு வீதம் இருபது வருடத்து ரசீதுகளைக் கட்டிக்கொண்டு அவர் ஒருநாள் தங்கள் தலைநகருக்குப் போய் நிற்க நேர்ந்தால், சுமக்க ஆள் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆறு மேசைகளிலும் பதிவான,
அப்பா பெயரோடு பயணம் செய்பவன்.

இணைப்பு:
1. நீல மை பேனா – ஒன்று. (மூன்றாம் மேசைக்கு. முன்பு வாங்கியதில் மை தீர்ந்திருக்கும்.)
2. தேங்காய் எண்ணெய், 100 மி.லி. – ஒரு புட்டி. (சுங்க மேசை நண்பரின் உதட்டுக்கு. இதற்கு ரசீது வேண்டாம்.)