இயந்திரத்துக்கு வாடகை, மனிதருக்கு வேலை

பெறுநர்: ஆணையர் அவர்கள், திருவண்ணாமலை மாநகராட்சி.

பொருள்: கிரிவலப் பாதை – சாலை பெருக்கும் வாகனம் – வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா – தொடர்பாக.

பார்வை: பஞ்சாங்கம், பௌர்ணமிப் பட்டியல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

2024-இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்துவிட்டது. இனி அந்தஸ்துக்கேற்ற ஒரு பெரிய வண்டியாவது வேண்டாமா? வாங்கினால் மாலை போடலாம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், கொடியசைத்துப் படம் பிடிக்கலாம். வாடகை வண்டிக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது, ரசீது மட்டும்தான். எந்த ஊரிலும் வாங்குவதன் பக்கம் நிற்கும் பலமான வாதம் இதுதான் என்பதால், அதை முதலிலேயே வணங்கிவிட்டு மற்ற வாதங்களுக்கு வருகிறேன்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஆண்டுக்கு 12 பௌர்ணமி, சில ஆண்டுகளில் 13. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் பெருக்கினாலும் 26 நாள். கார்த்திகை தீபத் திருவிழாவுக்குப் பத்து நாள். தாராளமாக 40 என்றே வைத்துக்கொள்வோம். மீதி 325 நாளும் வண்டி கொட்டகையில் தவம் இருக்கும். இந்த ஊரில் தவத்துக்கு இடமுண்டுதான். ஆனால் தவம் இருக்கும் வண்டிக்கும் மின்கலம் செத்துப்போகும், காப்பீடு கட்ட வேண்டும், தூரிகை மாற்ற வேண்டும். வாடகை போனால் போனதுதான், வாங்கினால் சொத்தாக நிற்குமே என்று தணிக்கைப் பிரிவு கேட்கலாம். வருமான வரி விதிகள் பொதுவான இயந்திரங்களுக்கு மீதமிருக்கும் மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் போடுகின்றன. அந்தக் கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால், 100 ரூபாய்ச் சொத்து ஐந்தாண்டில் சுமார் 44 ரூபாய். ஓடினாலும் அவ்வளவுதான், ஓடாவிட்டாலும் அவ்வளவுதான்.

மற்ற நாட்களில் மாட வீதிகளைப் பெருக்கலாமே என்பீர்கள். பெருக்கலாம், சாலையோரம் காலியாக இருந்தால். குப்பை சேருவது ஓரத்தில். ஆட்டோவும் இருசக்கர வாகனமும் பூக்கடையும் நிற்பதும் அதே ஓரத்தில். வண்டி நடுவில் போய் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு வரும். பௌர்ணமி அன்று வாடகையை ஏற்றிவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பௌர்ணமி திடீரென்று வருவதில்லை. புயலுக்கு எச்சரிக்கை தாமதமாகலாம். சந்திரனுக்குத் தேதி முன்கூட்டியே அச்சாகி வருகிறது. அதைப் பார்த்து ஆண்டு முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரலாம். வண்டி வராத நாளுக்கு அபராதம், பழுதானால் மாற்று வண்டி என்று இரண்டு வரி சேர்த்தால் பழுது நீக்கும் தலைவலியும் ஒப்பந்ததாரருடையது. மூன்றாவது வரி ஒன்றும் தேவை: எஃகுக் கம்பித் தூரிகை கூடாது. தேயும் தூரிகையிலிருந்து கம்பி முறிந்து சாலையில் விழும். இங்கே பலர் நடப்பது வெறுங்காலில்.

இனி எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத செய்தி. இந்த வண்டிகள் மண்ணுக்காகவும் தூசிக்காகவும் பிறந்தவை. அன்னதானத்துக்குப் பின் பாதையில் கிடப்பதோ சாம்பார் ஊறிய பாக்குமட்டைத் தட்டு, தொன்னை, 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருந்தும் தைரியமாக உலவும் பிளாஸ்டிக் குவளை. இவற்றைக் குனிந்து எடுப்பது தூய்மைப் பணியாளரின் கை. அந்தக் கை 40 நாள் அல்ல, அன்றாடம் தேவைப்படுவது. நிதிக் கணக்கின் பாலபாடம், எப்போதாவது தேவைப்படுவதை வாடகைக்கு எடு, எப்போதும் தேவைப்படுவதைச் சொந்தமாக்கு என்பது. நம் நிர்வாகம் இதைத் தலைகீழாகப் படித்திருக்கிறது. இயந்திரம் நிரந்தரச் சொத்து, மனிதர் ஒப்பந்தம். மாநகராட்சிப் பணிகளை வெளிமுகமைக்குத் தள்ளும் அரசாணை 152 வந்தது 2022-இல். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்ததும் இதே தனியார்மயத்தை எதிர்த்துத்தான். ஆளுக்கு ஓய்வூதியம் கொடுக்கப் பணமில்லை என்பது வழக்கமான பதில். தூங்கும் வண்டிக்குக் கொட்டகை கட்டப் பணமிருக்கும் ஊரில் அந்தப் பதில் நிற்காது.

ஆகவே வண்டியை வாடகைக்கு எடுங்கள். மிச்சமாகும் தொகையில் ஆண்டு முழுவதும் பெருக்குபவர்களுக்குக் கையுறை, காலணி, பணி நிரந்தர ஆணை, இந்த மூன்றையும் வாங்குங்கள். கொடியசைப்பு அவசியமென்றால் அந்த ஆணைகளை வழங்கும் விழாவில் அசைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
வெறுங்காலால் நடக்கும் வரி செலுத்துபவன்