பதினாறும் படித்துப் பெருவாழ்வு வாழ்க

வா தம்பி, இப்படி உட்கார். முந்தலில் இறால் பண்ணை வேலை கிடைத்துவிட்டதாமே! குளோரின் பவுடர் டிரம்முக்குப் பக்கத்தில் 16 பிரிவுள்ள பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று தொங்குகிறதாம், யாரும் தொடுவதில்லையாம். நல்ல பிள்ளைகள். தொட்டால் தாள் கசங்கிவிடும். டிரம்மையே தொடுங்கள். தோல்தானே, உரிந்தால் முளைக்கும்.

குஞ்சு விடுமுன் குளத்துத் தண்ணீருக்குப் பவுடர் போடவேண்டுமா? சாரத்து நுனியை மூக்கில் சுற்றிக்கொள். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காதே, அது கடலுக்குப் போகிறவன் பார்க்கிற வேலை. ஈரக் கோப்பையால் அள்ளு. கக்கூசு கழுவுகிற அசிட் மிச்சமிருந்தால் அதே வாளியில் ஊற்று. கிளம்புகிற மஞ்சள் பச்சைப் புகை லேசுப்பட்டதல்ல. 1915இல் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் ஜெர்மன் படை எதிரிமேல் திறந்துவிட்டதும் இதே குளோரின்தான். அவர்களுக்கு ஒரு படை வேண்டியிருந்தது, உனக்கு ஒரு வாளி போதும்.

உடப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவன்கூட விரதமிருந்துதான் இறங்குகிறான். நீ அவனைவிடப் பெரிய பக்தன், செருப்புமில்லாமல் அசிட்டில் இறங்குகிறாய்.

முகத்தைத் தூக்காதே. பதினாறையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. முதலில் இரட்டை எண்ணாகப் பிடி: 2, 4, 6, 8, 10. இரண்டு, சாமான் உன்னை என்ன செய்யும் என்று சொல்லும். சிவப்புக் கரை போட்ட சாய்சதுரப் படங்கள் அதில்தான் வரும். வட்டத்துக்கு மேல் நெருப்பு எரிந்தால், அந்தச் சாமான் தீயை ஊதிவிடும், டீசல் கானுக்குப் பக்கத்தில் வைக்காதே. நான்கு முதலுதவி. ஆறு, சிந்தினால் ஒழுகினால் என்ன செய்வது. எட்டு, கையுறை, கண்ணாடி, முகமூடி. பத்து, எதோடு எது சேரக்கூடாது. ஐ.நா. 2003இல் வெளியிட்ட முறையில் வந்த வரிசை இது. அதைப் பின்பற்றும் தாள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நாலாவது முதலுதவிதான்.

கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவு என்பார்கள். உன் பெரியம்மா தாய்ப்பால் விடச் சொல்லுவாள். விழுங்கினவனை வாந்தியெடுக்க வைக்காதே என்று தாள் சொல்லும். நம் ஆட்களோ உப்புத் தண்ணீரோடு ஓடி வருவார்கள். பாசத்தில் குறையில்லை, பிரிவு நாலுதான் தெரியாது.

ஆறாம் பிரிவைப் பெரிய மனிதர்களும் மதிப்பதில்லை. 2021 மே 20, கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. உள்ளே 25 தொன் நைத்திரிக் அமிலம். ஒரு கொள்கலன் ஒழுகுவது முன்னமே தெரியும். கட்டாரின் ஹமாட் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராவும் அதை இறக்க மறுத்தன. ஒழுகல் நம் கடலுக்கு வந்தது. கப்பல் எரிந்து மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணையும் அந்தக் கப்பலில்தான் இருந்தது. கரையெல்லாம் குருணை, மீனை வாங்கவே சனம் பயந்தது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. ஒழுகுகிறதென்று தெரிந்தும் அடுத்தவன் தலையில் தள்ளினால் வருகிற கணக்கு அது. உன் டிரம் ஒழுகினால் அடுத்த ஷிப்ட்காரன் பார்ப்பான் என்று வீட்டுக்கு வந்துவிடாதே.

தாள் இங்கிலீசில் இருக்கிறதென்று சாக்குச் சொல்லாதே. தமிழில் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேள். தரமாட்டேன் என்றால், டிரம்மை அவரையே திறக்கச் சொல்.