கண்ணாடிப் பெட்டிக்குள் வரலாறு

கேள்வி: வரலாற்றாசிரியருக்குப் புத்தகம் எழுதுவதும் வகுப்பெடுப்பதும் போதாதா? அருங்காட்சியகத்தில் பொருள்களை அடுக்கும் வேலை எதற்கு?

பதில்: புத்தகமே படிக்காதவருக்கும் பாட்டன் பூட்டன் உண்டே! அமெரிக்க வரலாற்றாசிரியர் லோனி பன்ச், பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தியவர். 2005இல் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். கட்டடம் இல்லை, காட்சிக்கு வைக்கப் பொருளும் இல்லை. அவருடைய குழு ஊர் ஊராகப் போனது. "வீட்டில் உள்ள பழைய பொருள்களைக் கொண்டுவாருங்கள், எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லித் தருகிறோம்" என்றது. பரணில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

2010இல் சார்லஸ் பிளாக்சன் என்ற சேகரிப்பாளர் ஹாரியட் டப்மனின் சால்வையைத் தந்தார். அடிமையாகப் பிறந்து, தப்பி, திரும்பத் திரும்பப் போய்ப் பலரை மீட்டுவந்த அந்தப் பெண்மணிக்கு விக்டோரியா மகாராணி அனுப்பிய சால்வை அது!

எம்மெட் டில்லின் சவப்பெட்டியும் அங்கே இருக்கிறது. 1955இல் மிசிசிப்பியில் நிறவெறியர்கள் கொன்ற 14 வயதுச் சிறுவன். சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்தே வைக்கச் சொன்னார் தாய். இதை நூறு பக்கம் எழுதலாம், ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். அந்தப் பெட்டியின் முன்னால் நின்றால் ஒரு நிமிஷம் போதும்.

2016 செப்டம்பரில் அருங்காட்சியகம் திறந்தது. பன்ச் அந்த அனுபவத்தை 2019இல் புத்தகமாகவும் எழுதினார். வாஷிங்டன் போகிறவர்கள் அவசியம் பாருங்கள். அனுமதி இலவசம்!