பெயரிலேயே எச்சரிக்கை

கொள்ளிடம் கடலைத் தொடும் முன் நாதல்படுகை, முதலைமேடு திட்டு என்று ஊர்கள் உண்டு. படுகை, திட்டு என்று பெயரிலேயே எச்சரிக்கை எழுதிவைத்த முன்னோருக்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை.

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால், உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பும். 2018-இல் அங்கே ஒன்பது மதகுகளே ஆற்றோடு போயின. 2022-இல் இந்தத் திட்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இத்தனைக்கும் மேட்டூர்த் தண்ணீர் இங்கே வந்து சேர நாள்கணக்காகும். சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

நாமும் சும்மா இல்லை. கோடையில் ஒத்திகை நடத்துகிறோம். ரப்பர் படகைக் காய்ந்த மணலில் நாலு பேர் தூக்கிப்போக, டீயும் வடையும் உரிய நேரத்தில் வந்துவிடும். வெள்ளம் வந்ததும், "தாழ்வான பகுதி மக்கள் மேடான இடத்துக்குச் செல்லவும்" என்று ஆட்டோ அலறும். ஊரின் ஒரே மேடு ஆற்றங்கரை. அங்கே மாடுகள் முன்பதிவு செய்துவிட்டன.

"முகாமுக்கு வர்றேன் சார், என் ஆட்ட யாரு பாத்துக்குவா?" என்கிறார் ஓர் ஆயா. அதிகாரிகள் முகாம் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஆட்டுக்குக் கட்டமே இல்லை.