இடுப்பில்லாத குழாய்

செலாயாங் பசார் போரோங் செலாயாங்கில் இல்லை. ஜாலான் ஈப்போ 12-ஆவது கிலோமீட்டரில், கோலாலம்பூர் மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கிறது. தபால்காரருக்கு அது பத்துமலை. ஆனாலும் கிள்ளானில் கேளுங்கள், பிரிக்பீல்ட்ஸில் கேளுங்கள், "செலாயாங் மார்க்கெட்டா?" என்றுதான் வழி சொல்வார்கள். ஊரே சேர்ந்து ஒன்றை முடிவு செய்துவிட்டால் மாநகராட்சியும் வரைபடமும் என்ன செய்ய முடியும்? இந்த வட்டாரத்தில் ஊரே சேர்ந்து முடிவு செய்த இன்னொரு உண்மையும் உண்டு. லோரியில் எது கழன்றாலும் காரணம் ஒன்றுதான்: சரியாக இறுக்கவில்லை.

என் மச்சான் கேமரன் மலையிலிருந்து அந்த மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவருபவர். மேலே போகும்போது உர மூட்டை, கீழே வரும்போது முட்டைக்கோஸ், தக்காளி, சாவிக் கீரை. தாப்பாவில் மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதற்குள் சாலை 1,400 மீட்டர் உயரத்தைத் தாண்டிவிடும். வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, எண்ணெயை மிதித்து ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் ஏதோ ஒரு வளைவில்தான் மச்சானுடைய இண்டர்கூலர் ஹோஸுக்குச் சுதந்திர உணர்வு பிறக்கும். முதலில் "டப்". பிறகு நீளமாக ஒரு "புஸ்ஸ்". லோரி மூச்சு வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும். பின்னால் ஸ்ட்ராபெரி பறிக்கக் கிளம்பிய குடும்பங்கள் காரோடு சேர்ந்து கறுப்புப் புகைக்குள் காணாமல் போகும்.

புகைக்குக் காரணம் எளிது. டீசல் பழைய அளவிலேயே இறங்குகிறது. அதை எரிக்க வேண்டிய காற்று பாதி வழியில் வெளியே போய்விட்டது. எரியாத டீசல் கரியாக வருகிறது. புது லோரிகளில் கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிட்டு, வேகத்தையும் முடக்கிவிடும். மச்சானுடையது பழசு. அதற்குப் புகையைத் தவிர வேறு பாஷை தெரியாது. அந்தப் பாஷை சுற்றுச்சூழல் துறை அதிகாரிகளுக்கு நன்றாகப் புரியும் என்பதுதான் சிக்கல்.

இந்த வம்புக்கெல்லாம் மூலகாரணம் ஒரு சுவிஸ்காரர். ஆல்ஃபிரட் பூஹி என்று பெயர். இஞ்சினிலிருந்து வீணாகப் போகும் சூட்டுப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுற்றிலேயே இஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டலாம் என்று 1905-இல் காப்புரிமை கேட்டார். அதுதான் டர்போ. வெளியே போகும் புகையிடமும் வேலை வாங்கத் தோன்றியிருக்கிறது என்றால் அந்த மனிதர் போன பிறவியில் இங்கே தவுக்கேயாக இருந்திருக்க வேண்டும். 1938-இல் அதே நாட்டின் சாவுரர் கம்பெனி டர்போ வைத்த டீசல் இஞ்சினை லோரிக்கே கொண்டுவந்துவிட்டது.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். டர்போவை விட்டு வரும்போது 100 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சூடான காற்று விரிந்து நிற்கும். அதில் எரிப்பதற்கு வேண்டிய சத்து குறைவு. அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தட்டையான பெட்டியை வைத்து, அதன் வழியே காற்றை ஓடவிட்டு ஆற்றி, பிறகு இஞ்சினுக்குள் அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டிதான் இண்டர்கூலர். இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். இண்டர்கூலரோ சேசிஸோடு சேர்த்து முடுக்கப்பட்டு அசையாமல் நிற்கும். ஆடுகிறதையும் ஆடாததையும் இரும்புக் குழாயால் இணைத்தால் ஏதாவது ஒன்று உடையும். நடுவில் வளைந்து கொடுக்க ஒரு ரப்பர் ஹோஸ் வேண்டும். வளைந்து கொடுக்கிறவன்தான் முதலில் அடி வாங்குவான் என்பது குடும்பத்துக்கும் லோரிக்கும் பொது.

அடி என்றால் எவ்வளவு? குழாயின் விட்டம் 63 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே டர்போ கொடுக்கும் அழுத்தம் 1.4 பார். கணக்குப் போட்டால் அந்தக் காற்று ஹோஸைக் குழாயிலிருந்து பிடுங்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 44 கிலோ. அழுத்தம் கூடினால் விசையும் அதே விகிதத்தில் கூடும். குழாயை அகலமாக்கினால் கேட்கவே வேண்டாம், விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். "பெரிய பைப் போட்டா பவர் கூடும்" என்று பசங்க 76 மில்லிமீட்டர் குழாய் மாட்டிவிட்டு, பழைய கிளிப்பையே நம்பி மலையேறும்போது, அந்தக் கிளிப்பின் தலையில் இன்னும் 20 கிலோ ஏறியிருக்கிறது.

மாமாக் கடையில் இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. தே தாரிக் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "இறுக்கு லா, பத்தாது" என்றார் முதல் அண்ணன். "ஒரு கிளிப்பு போட்டா எப்படி? பக்கத்துல இன்னொண்ணு போடு" என்றார் இரண்டாமவர். மூன்றாமவர் கேபிள் டை கட்டச் சொன்னார். நான்காமவர் லோரியே ஓட்டாதவர். அதனால் அவருடைய ஆலோசனைதான் நீளமாக இருந்தது. மச்சான் எல்லாவற்றையும் செய்தார். ஸ்குரூடிரைவரின் பிடி வளையும் வரை திருகினார். ஹோஸ் முன்பு தாப்பா தாண்டிக் கழன்றுகொண்டிருந்தது. இறுக்கிய பிறகு தாப்பாவுக்கு முன்பே கழன்றது.

ஸ்குரூ வைத்த அந்தச் சாதாரணக் கிளிப் நல்ல சாமான்தான். லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர் 1921-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷமாகத் தண்ணீர்க் குழாய்களை விசுவாசமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டர்போ ஹோஸில் மட்டும் அதை வெறிபிடித்து முறுக்கினால், பட்டையில் இருக்கும் வெட்டுகள் வழியே ரப்பர் பிதுங்கும். சிலிக்கோன் ஹோஸாக இருந்தால் அறுபடும். ஸ்குரூ இருக்கும் பக்கம் வட்டம் நசுங்கி, அங்கே காற்றுக்கு ஒரு பின்வாசல் திறக்கும். இறுக்க இறுக்கப் பிடி தளர்கிறது. இதை மாமாக் கடையில் சொன்னால் அடுத்த வாரம் நமக்கு நாற்காலி கிடைக்காது.

வீட்டில் என் மாமியார் வேறு முடிவுக்கு வந்திருந்தார். அவருக்கு அழுத்தம், விட்டம் எல்லாம் இரண்டாம் பட்சம். "இந்த லோரிய வாங்குனதுலருந்து எதிர்வீட்டுக்காரி பார்வையே சரியில்ல" என்றார். எலுமிச்சம்பழம், மிளகாய், கறுப்புக் கயிறு எல்லாம் முன் பம்பரில் ஏறின. மச்சான் தம் பங்குக்குப் பத்துமலையில் தைப்பூசத்துக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு, இறக்கியும் விட்டார். முருகன் காவடிகளையும் பால்குடங்களையும் கவனிக்கும் நாளில் இண்டர்கூலர் மனுவுக்குக் கொஞ்சம் தாமதம் ஆகும்தானே.

கடைசியில்தான் லோரி பழுதுபார்க்கும் போமென் அண்ணனிடம் போனோம். இறுக்குவார் என்று எதிர்பார்த்தால், அவர் எல்லாவற்றையும் கழற்றினார். ஒரு பழைய துணியை விரலில் சுற்றி ஹோஸின் உள்பக்கம் தடவி, மச்சான் மூக்கருகில் நீட்டினார். கறுப்பு எண்ணெய்.

"உள்ள பூரா எண்ணெய்ப் பிசுக்கு தம்பி. வழுக்குற எடத்துல எவ்வளவு இறுக்குனாலும் எப்படி நிக்கும்?"

பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் ஆவி, இஞ்சின் எண்ணெயின் துளிகளைச் சுமந்துகொண்டு மறுபடி காற்றுக் குழாய்க்கே திரும்புகிறது. டீசல் இஞ்சின்களில் இது ஓரளவு இருக்கத்தான் செய்யும். அந்தத் துளிகள் குழாயின் ஓரத்தில் படிந்து, ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கின்றன. போமென் அண்ணன் பிரேக் கிளீனர் அடித்துக் குழாயின் வெளிப்பக்கத்தையும் ஹோஸின் உள்பக்கத்தையும் பளிச்சென்று துடைத்தார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, கடையில போயி ஒரு ஹேர் ஸ்ப்ரே வாங்கிட்டு வாங்க" என்றார்.

அது கேலி இல்லை. ஹேர் ஸ்ப்ரே ஈரமாக இருக்கும்போது ஹோஸ் சுலபமாக வழுக்கி உள்ளே ஏறும். காய்ந்ததும் பசையாகப் பிடித்துக்கொள்ளும். பைக்கின் கைப்பிடி ரப்பரை மாட்டுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். ஆனால் மச்சான் கடைக்குப் போன கோலம் அப்படி. தலை மொட்டை. அதன் மேல் காய்ந்த சந்தனம். கல்லாவில் இருந்த பெண்ணிடம் போய், "நல்லா கெட்டியா பிடிக்கிறதா ஒண்ணு குடும்மா" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் ஒரு நிமிடம் அவர் தலையைப் பார்த்தாள், ஒரு நிமிடம் டின்னைப் பார்த்தாள். "அங்கிள், இது முளைக்கிறதுக்கு இல்ல" என்றாள்.

ஹேர் ஸ்ப்ரே எளிதில் தீப்பிடிக்கும். அதனால் இஞ்சின் ஆறியிருக்கும்போது அடித்து, நன்றாகக் காயவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் போமென் அண்ணன் குழாயின் நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஹாஃப்-கட் கடையில் வாங்கிய குழாய். முன்பு யாரோ அதை நேராக அறுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். கம்பெனிக் குழாயின் நுனியில் சுற்றிலும் ஒரு மேடு இருக்கும். இதில் அது இல்லை.

"உங்க மாமாவுக்கு வேட்டி நிக்குமா தம்பி?" என்றார் திடீரென்று.

நிற்காது. மச்சானுடைய மாமாவுக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது. தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே அளவு. பெல்ட்டை எந்தத் துளையில் மாட்டினாலும் கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அவருடைய தம்பி தொப்பைக்காரர், பெல்ட்டே வேண்டாம். கட்டிய வேட்டி மறுநாள் வரை நிற்கும்.

"இந்தப் பைப்புக்கும் இடுப்பு இல்ல. அதான் வெஷயம்."

குழாய் நுனியைச் சுற்றி வெல்டிங்கில் ஒரு வரம்பு ஏற்றி, ஹோஸைக் கிழிக்காதபடி கூர்மையைத் தேய்த்து மழுக்கினார். குழாய் ஆறிய பிறகு ஸ்ப்ரே அடித்து, ஹோஸை அந்த வரம்பைத் தாண்டி ஆழமாகத் தள்ளினார். கிளாம்ப் வரம்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். வரம்பின் மேலேயே உட்கார்ந்தால் அத்தனை வேலையும் வீண். பழைய கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ-போல்ட் கிளாம்ப் மாட்டினார். அதில் அகலமான பட்டை வட்டம் முழுக்க ஒரே சீராக அழுத்தும். பெரிய லோரிகளில் போல்ட்டின் மேல் ஸ்பிரிங் வைத்த வகை வரும். சூட்டில் ரப்பர் விரிந்து, குளிரில் சுருங்கும்போது அந்த ஸ்பிரிங் பிடியைச் சமமாக வைத்திருக்கும். சின்ன ஸ்பேனரால் அளவாக முடுக்கினார். மச்சானின் கை துடித்தது. "போதும் தம்பி, கையை எடுங்க" என்றார்.

அதோடு முடியவில்லை. பானெட்டைத் திறந்து வைத்து எண்ணெயை மிதிக்கச் சொன்னார். இஞ்சின் ஒரு பக்கமாக எகிறிக் குதித்தது. மவுண்டிங் ரப்பர் கிழிந்து எத்தனை நாளாயிற்றோ. ஒவ்வொரு ஏற்றத்திலும் இஞ்சின் திமிறி, ஹோஸைப் பிடித்து இழுத்திருக்கிறது. காற்று உள்ளே இருந்து தள்ள, இஞ்சின் வெளியே இருந்து இழுக்க, நடுவில் இருந்த கிளிப்பைத்தான் செலாயாங்கே திட்டிக்கொண்டிருந்தது. மவுண்டிங்கை மாற்றி, நேர் ஹோஸுக்குப் பதிலாக நடுவில் மடிப்பு வைத்த ஹோஸைப் போட்டார். ஆட்டத்தை அந்த மடிப்பு வாங்கிக்கொள்ளும். கடைசியாகக் குழாயின் வாயை அடைத்து, கம்பிரசரில் குறைந்த அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, எல்லா மூட்டுகளிலும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஒரு மூலையில் குமிழ் வந்தது, அதையும் அடைத்தார்.

அந்தச் சின்னக் குமிழுக்கும் விலை உண்டு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே நாளில் ஏறியது. மானிய அட்டை உள்ள வண்டிகளுக்கு மட்டும் அப்போது பழைய விலை இருந்தது. காற்று கசிந்தால் அதே வேலைக்கு எண்ணெய் கூடுதலாகப் போகும். முழுசாகக் கழன்றுவிட்டால், "மெதுவா ஓட்டிட்டு வீடு போயிடலாம்" என்று நினைப்பதும் ஆபத்துதான். எதிர்ப்பு இல்லாததால் டர்போ தாறுமாறாகச் சுற்றும். வடிகட்டாத புழுதி நேராக இஞ்சினுக்குள் போகும். நூறு வெள்ளியில் முடிய வேண்டிய வேலை டர்போ விலைக்கு வந்து நிற்கும்.

வெங்காய மூட்டைகளை ஏற்றி, ரவாங் பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். 2017-இல் திறந்த சாலை. காட்டுக்கு மேலே 50 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் தூண்களில் நிற்கும் பாலம் அதில் வருகிறது. அங்கே கழன்றால் இறங்கி நிற்கக்கூட நல்ல இடம் கிடையாது. மச்சான் முருகனைக் கூப்பிட்டார், நான் போமென் அண்ணனை நினைத்துக்கொண்டேன். ஹோஸ் அசையவில்லை. திரும்பி வந்து இஞ்சின் ஆறிய பிறகு கிளாம்ப்பை இன்னும் ஒரு கால் திருகு முடுக்கினார் போமென் அண்ணன். ரப்பர் சூட்டில் ஒருமுறை உட்கார்ந்த பிறகு அவ்வளவுதான் தேவையாம்.

இப்போது மச்சான் புகையில்லாமல் மலையேறுகிறார். பெருமை யாருக்கு என்பதில்தான் தகராறு. மாமாக் கடையில், "நான்தானே இறுக்கச் சொன்னேன்" என்று நான்கு பேரும் சொல்கிறார்கள். என் மாமியார் கறுப்புக் கயிறுதான் என்று முடித்துவிட்டார்; எதிர்வீட்டுக்காரியிடம் இன்னும் பேசுவதில்லை. போமென் அண்ணனிடம் போய் நியாயம் கேட்கலாம் என்று போனேன். அவருடைய சொந்த லோரியின் பம்பரிலும் புதுக் கறுப்புக் கயிறு தொங்கியது.

"என்ன அண்ணே இது?"

"பைப்புக்கு வரம்பு வச்சாச்சு, டீ-போல்ட் போட்டாச்சு, மவுண்டிங் மாத்தியாச்சு" என்று விரல் விட்டு எண்ணினார். "எல்லாத்துக்கும் சேர்த்து எண்ணூறு வெள்ளி. கயிறு ஒரு வெள்ளி. அதுல போயி மிச்சம் பிடிக்கச் சொல்றீங்களா?"