தொண்ணூறு பெர்சன்ட் முடிஞ்சாச்சு

"ட்ரெய்லர் எந்த மட்டில் இருக்கு?" என்று இவரிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. பொங்கல் விழாப் பந்தியில் கேட்டாலும், பிள்ளைகளின் பாட்டு வகுப்பு வாசலில் கேட்டாலும், யாரையோ ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன இடத்தில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "தொண்ணூறு பெர்சன்ட் முடிஞ்சாச்சு." போன வருஷமும் தொண்ணூறுதான். நடுவில் ஒருமுறை எண்பத்தைந்துக்கு இறங்கியது. ஏன் என்றால், "ஸ்கோப் மாறிடுச்சு" என்றார்.

அமெரிக்காவில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தாற்போல் குடியிருந்தால் இந்த ரகத்தில் ஒருவர் தேறுவார். இவர் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம். வாரநாளில் ஐ.டி. கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். சனி, ஞாயிறில் கராஜில் கேம்பிங் ட்ரெய்லர் கட்டுகிறவர். சரியாகச் சொன்னால், கட்டுகிறவர்களுக்கு ஊக்கம் கொடுக்கிறவர்.

கட்டுவது டியர்டிராப் வகை. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும் சின்னப் பெட்டி. உள்ளே நிற்க முடியாது. இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை. அகலம் 4 அடி, நீளம் 8 அடி. பிளைவுட் பலகை அந்த அளவில்தான் விற்கிறது. 1930களிலிருந்தே அமெரிக்கர்கள் இதை வீட்டில் செய்து பார்த்து வருகிறார்கள். 1947 செப்டம்பரில் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை இதற்கு ஒரு செய்முறைத் திட்டமே வெளியிட்டது. யுத்தம் முடிந்து மிஞ்சிப்போன அலுமினியத் தகட்டையும் ஜீப் சக்கரத்தையும் வைத்து அந்தக் காலத்து ஆட்கள் பலர் கட்டி முடித்து ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பத்திரிகைப் பக்கங்களை இவர் பிரின்ட் எடுத்து, லாமினேட் செய்து, கராஜ் சுவரில் மாட்டியிருக்கிறார். இந்தத் திட்டத்தில் முழுதாக முடிந்த முதல் வேலை அதுதான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கராஜில் கூட்டம். மனைவி, பத்தாம் வகுப்பு மகள், எட்டு வயது மகன், ஆறு மாதம் தங்கிப் போக ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் எல்லோரும் ஆஜராக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். முதுகில் ட்ரெய்லர் படம். சுவரில் வெள்ளைப் பலகை, அதில் மூன்று கட்டம்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்து முடித்தது. மஞ்சள் சீட்டுகள் முதல் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். ஆபீஸ் வழக்கப்படி இது ஸ்டாண்ட்-அப் மீட்டிங், நின்றுகொண்டேதான் பேச வேண்டும். மாமியாருக்கு மூட்டுவலி என்பதால் அவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டாண்ட்-அப் செய்ய அனுமதி உண்டு.

ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி. போன வாரம் என்ன செய்தீர்கள், இந்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள், உங்களுக்குத் தடை என்ன?

"தடை நீங்கதானுங்க மாப்ளே. கொஞ்சம் நகுந்தீங்கன்னா அந்தப் பலகைய எடுத்துக்குவேன்" என்றார் மாமனார்.

மாமனார் கரூர்க்காரர். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர். அப்படி ஒரு பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெறும் சேஸியாக உள்ளே வரும் வண்டி, சீட்டும் கண்ணாடியும் பெயின்ட்டுமாக வெளியே போவதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவரை நிற்க வைத்து, பிளைவுட் பெட்டி ஒன்றுக்காக 'டீம் மோட்டிவேஷன்' பாடம் நடத்துகிறார் மருமகன். அவரும் மருமகன் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்கிறார். கேட்டுக்கொண்டே ரம்பத்துக்கு வேண்டிய கோட்டைப் பென்சிலால் போட்டு முடித்துவிடுகிறார்.

கூட்டத்தின் உச்சம் சதவீத அறிவிப்பு. இவர் கணக்குப் போடும் முறையே தனி. சாமான் வாங்கியதற்கு 30 சதவீதம். மடக்கு ட்ரெய்லர் கிட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டத்தை நட்டு போல்ட்டு போட்டு நிறுத்தியதற்கு 20. பக்கச் சுவர் இரண்டும் நின்றதும் இன்னொரு 30. பெயின்ட் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு 10. பெயின்ட் அடித்ததற்கு இல்லை, தேர்ந்தெடுத்ததற்கு! ஆகத் தொண்ணூறு. பாக்கியிருப்பது கூரை, பின்கதவு, ஒயரிங், கதவு ரப்பர், பெயின்ட் அடிப்பது, வண்டிப் பதிவுச் சமாசாரம் எல்லாம் சேர்த்து வெறும் பத்து.

சாஃப்ட்வேர்க்காரர்களிடையே இதற்கு ஒரு பழைய கிண்டல் உண்டு. பெல் லேப்ஸைச் சேர்ந்த டாம் கார்கில் சொன்னதாக ஜான் பென்ட்லி 1985இல் தன் பத்தியில் எழுதியது: முதல் தொண்ணூறு சதவீத வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அதே அளவு நேரம் கடைசிப் பத்துக்கும் ஆகும் என்று. இவருக்கும் அது தெரியும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு இவரே அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். கராஜுக்குள் நுழையும்போது அந்த ஞானத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

உற்சாகம் குறைகிற மாதிரி தெரிந்தால் கதை சொல்வார். அதிகம் ஓடியது ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியை ஆரம்பித்த வாலி பையம் கதை. பையம் முதலில் ஃபோர்டு மாடல் டி சேஸி மேல் ஒரு கூடாரத்தை ஏற்றினாராம். சமையலறை இல்லாமல் நான் வரமாட்டேன் என்று மனைவி மேரியன் சொல்லிவிட்டாராம். அதனால் அடுப்பும் ஐஸ் பெட்டியும் வைத்து வேறொன்று கட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைக்கு ரோட்டில் வெள்ளியாக மின்னும் ஏர்ஸ்ட்ரீம். "ஒரு மனைவி கேட்ட கேள்விதான் காரணம்!" என்று இவர் முடித்தார்.

"சமையலறை இருந்தா நான் வரமாட்டேன். ஊர் சுற்றப் போன இடத்திலயும் அடுப்படியா?" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் ஆராய்ச்சி. 2012இல் நார்ட்டன், மோச்சோன், ஆரியலி என்ற மூன்று பேராசிரியர்கள் வெளியிட்ட 'ஐக்கியா விளைவு' கட்டுரை. தன் கையால் சேர்த்துச் செய்த பொருளை, கடையில் ஆயத்தமாக வாங்கியதைவிட உசத்தியாக மதிக்கிறான் மனிதன் என்பது சாரம். வெள்ளைப் பலகையில் ஒரு இதயம் வரைந்து விளக்கினார். மகள் கையில் ஃபோன் இருந்தது. "அப்பா, அதுக்குக் கீழயும் எழுதியிருக்கு. வேலைய முடிச்சாத்தான் அந்தப் பாசம் வருமாம். பாதியில விட்டவங்களுக்கு வரலையாம்." மாமியார், "என்ன சொல்றா?" என்று கேட்டார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

ஊக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது கூரைக்கு எபாக்சி பூசிய அன்று தெரிந்தது. எபாக்சி என்றால் பிசினும் இறுக்கியும் தனித்தனி டப்பாவில் வரும். அளவாகக் கலந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். கலந்ததும் உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்ப வேண்டும். ஆழமான டம்ளரில் மொத்தமாக விட்டுவைத்தால், இறுகும்போது கிளம்பும் சூடு வெளியேற வழியில்லாமல் அதையே இன்னும் வேகமாக இறுக்கும். மனைவியும் மகளும் கையுறை மாட்டி, ரோலரோடு கூரையின் இரண்டு பக்கமும் தயாராக நின்றார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இவர் "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டே வார்த்தை" என்றார். நாம் கடந்து வந்த பாதை என்ன, இன்றைய பூச்சின் முக்கியத்துவம் என்ன, ஒரு குழுவாக நாம் கற்றது என்ன...

"மாப்ளே, டம்ளரு பொகையுதுங்க."

பார்த்தால் டம்ளரின் அடிப்பக்கம் நெளிந்து சப்பிப்போய், உள்ளே தேன் நிறத்தில் ஒரே கட்டியாகிவிட்டது பிசின். கலக்கப் போட்ட ஐஸ்கிரீம் குச்சி நட்டுவைத்த கொடிக்கம்பம் மாதிரி அதில் நிமிர்ந்து நின்றது. அதை இவர் தூக்கிப் போடவில்லை. 'கற்றுக்கொண்ட பாடம்' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறார். சதவீதம் குறையவுமில்லை. அடுத்த கலவையை மாமனார் கலந்து, மாமனாரே ஊற்றி, ஒரு வார்த்தை பேசாமல் பூசி முடித்தார்.

ஒயரிங் மகளின் வேலை. நாலு முனை பிளக்: வெள்ளை எர்த்துக்கு, பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டருக்கு, பச்சை வலதுக்கு. எல்லாம் மாட்டிப் பார்த்தால், இடது போட்டபோது பின்விளக்குகள் எல்லாம் சேர்ந்து மங்கலாக மினுக்கின. அப்பா வெள்ளைப் பலகையில் காரண-காரிய வரைபடம் போட ஆரம்பித்தார். மகள் சட்டத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, வெள்ளை ஒயரைத் திருகியிருந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் திரும்பத் திருகினாள். எர்த் பிடித்தது. விளக்கு ஒழுங்காக எரிந்தது. அன்று சாயங்காலம் சதவீதம் தொண்ணூற்றொன்று ஆனது. நண்பர்களுக்கு வாட்ஸ்ஆப்பில், "டீமாக டீபக் செய்தோம்" என்று செய்தி வந்தது.

இதையும் சொல்லியாக வேண்டும்: இந்த மனிதர் கத்தமாட்டார். பலகையைக் குட்டையாக அறுத்துவிட்டாலும் சரி, மகன் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தாலும் சரி, ஒருவர் மேலும் எரிந்து விழுந்ததில்லை. மகன் போட்ட முதல் ஸ்குரூ கோணலாகத்தான் நிற்கிறது. அதை எடுத்து நேராக்கலாம் என்று மாமனார் சொன்னபோது கூடாது என்றுவிட்டார். ஆயுத பூஜைக்கு மாமியார் அந்த அரைகுறைப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டபோது டி-ஷர்ட் மேல் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு பயபக்தியோடு நின்றார். பள்ளிப் பிள்ளைகள் அவரவர் அறையில் அவரவர் திரையோடு அடைந்துகிடக்கிற காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மூன்று தலைமுறையை ஒரு கராஜில் நிற்க வைத்திருக்கிறாரே என்று சில பேர் மெச்சுகிறார்கள். மெச்சட்டும்.

ஆனால் அந்தக் கராஜ் இரண்டு கார் நிற்கிற கராஜ். ஒன்று நிற்கிற இடத்தில் ட்ரெய்லர். இன்னொன்று நிற்கிற இடத்தில் பலகை, ரம்பம், வெள்ளைப் பலகை, ஹீட்டர். குளிரில் எபாக்சி இறுகாது, ஆகவே எபாக்சிக்கு ஹீட்டர் உண்டு. இவருக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆபீசுக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவள் மனைவி. ஒஹாயோ ஜனவரியில், இருட்டில், வாசலில் நிற்கும் காரின் முன்கண்ணாடியில் உறைந்த பனியை அவள்தான் சுரண்டுகிறாள். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஊக்கம் வேண்டாம், கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அவள் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டினாள். அதை இவர் 'செய்ய வேண்டியது' கட்டத்தில் கடைசிக்கு நகர்த்தினார்.

மாமனாரும் மாமியாரும் இரண்டாம் தடவை வந்தபோதுதான் வண்டி முடிந்தது. வீட்டில் செய்த ட்ரெய்லரைப் பதிவு செய்ய எடைச்சீட்டு வேண்டும் என்றார்கள், எடை மேடைக்குப் போய் வாங்கி வந்தார்கள். நம்பர் பிளேட் வந்தது. முதல் பயணம் ஹாக்கிங் ஹில்ஸ் பூங்காவுக்கு என்று முடிவானது. மாமியார் சமையல் மேடையில் இட்லிப் பானை, இரும்புத் தோசைக்கல், டேபிள்டாப் கிரைண்டர், இரண்டு தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் அடுக்கி முடித்தார். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரில் மாட்டும் முன்முனையில் இறங்க வேண்டும். பின்னால் பாரம் ஏறி முன்முனை லேசானால், வேகம் எடுத்ததும் வண்டி வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும். குளியலறை எடைமெஷினைக் கொண்டுவந்து முன்முனைக்கு அடியில் வைத்துப் பார்த்தார் மாமனார். ஐந்தைக்கூடத் தொடவில்லை.

இத்தனை நாளில் உண்மையான ஒரு சதவீதம் இவர் கண்ணில் பட்டது அன்றைக்குத்தான். கூட்டம் போடவில்லை. பேசாமல் குனிந்து கிரைண்டரைத் தூக்கி முன்பக்கம் படுக்கைக்கடியில் வைத்தார். தண்ணீர்க் கேன்களையும் வைத்தார். திரும்பத் திரும்ப எடை பார்த்தார். பன்னிரண்டு வந்ததும்தான் கொக்கியை மாட்டினார். போன இடத்தில் பக்கத்துக் கூடாரத்து அமெரிக்கத் தம்பதி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நீங்களா கட்டினீர்கள் என்று கேட்டார்கள். "என் மாமனார்" என்றார். மாமனாருக்கு அந்த ஆங்கிலம் புரிந்தது.

திரும்பி வந்ததும் மனைவி காரை நேரே கராஜ் வாசலுக்குக் கொண்டுபோனாள். உள்ளே இருந்த பலகையெல்லாம் ஒழிந்தாயிற்று. ட்ரெய்லர் மட்டும் வெளியே நின்றால் போதும். மறுவாரம் குடியிருப்போர் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. வீட்டு முன்னால் ட்ரெய்லர் நிறுத்த விதி இடம்கொடுக்காது, கராஜுக்குள் வைக்கவும். இவர் மனைவியின் காரை நகர்த்திவிட்டு ட்ரெய்லரை உள்ளே தள்ளினார். இன்னொரு பக்கம் இவருடைய கார். வரும் குளிர்காலத்துக்கென்று மனைவிக்கு ஒரு பனிச் சுரண்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். நீளக் கைப்பிடி, நல்ல தரம், ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம்.